டி.வி. பெட்டிக்குப் பூ கேட்டது

எதிர் வீட்டு அம்மாள் சொன்ன ஒரு சொல்லால்தான் எங்கள் வீட்டுக்கு டி.வி. வந்தது.

அப்போது வடக்கனந்தலில் எங்கள் தெருவில் ஒரே ஒரு டி.வி. பெட்டி. அது எதிர் வீட்டில் இருந்தது. அவர்கள் எங்களுக்குப் பங்காளி முறை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சாமி கதை காட்டுவார்கள். பாஷை ஒருவருக்கும் புரியாது. சாமி கதைக்குப் பாஷை எதற்கு? என் பிள்ளைகள் இரண்டு பேரும் தலை சீவி, திருநீறு பூசிக்கொண்டு போய் முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். மூத்தவன் மூன்றாவது படித்தான். சின்னவளுக்கு ஐந்து வயது.

ஒரு ஞாயிறு அந்த வீட்டுக்குச் சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். அந்த அம்மாள் என் பிள்ளைகளைப் பார்த்து, "ஏய், எழுந்திரிங்க, எழுந்திரிங்க. மனுஷங்க வந்திருக்காங்க, உக்காரணும்" என்றாளாம். பிள்ளைகளைத் தேடிக்கொண்டு போன என் வீட்டுக்காரி வாசலில் நின்று இதைக் கேட்டுவிட்டாள்.

"மனுஷங்க வந்திருக்காங்களா? அப்போ எம் புள்ளைங்க இன்னாக்கா?"

"ஐய, ஒரு பேச்சுக்குச் சொன்னா..."

"பேச்சுக்குத்தான் நானும் கேக்கறேன்."

இரண்டு பிள்ளைகளையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தவள், நேராக வீட்டு மாடத்து விளக்கின் முன் நின்று சத்தியம் செய்தாள். இனி தன் காலும் தன் பிள்ளைகள் காலும் அந்த வாசல்படியில் படாது. மாரியம்மன் மேல் ஆணை.

என் வீட்டுக்காரி ஆணை வைத்தால் வைத்ததுதான். அதனால் டி.வி. வாங்குவது என்று ஆனது. அவள் சொன்னது ஒன்றுதான். "கள்ளக்குறிச்சியில கம்பெனி பொட்டியா பாத்து வாங்குங்க. கரும்பு வெட்டற வரைக்கும் வேணும்னா இருந்துக்கலாம்." நான் கேட்கவில்லை. ஒரு வேலையாகச் சின்னசேலம் போனபோது ஸ்டேஷன் ரோட்டில் ஒருவர் சாமான்களை வாங்கித் தானே டி.வி. பூட்டி விற்பதைப் பார்த்தேன். கம்பெனி பெட்டியின் விலையில் பாதி. விலையைவிட என்னை இழுத்தது அந்த ஆளின் நெற்றி. நெற்றி நிறையத் திருநீறு, கழுத்தில் உருத்திராட்சம், கடையில் ஆளுயர முருகர் படம், அதற்குப் புது மாலை. இப்படிப்பட்டவர் ஏமாற்றுவாரா என்று நினைத்தேன். ஏமாற்றினார் என்றும் இப்போது சொல்ல மாட்டேன். பக்தி வேறு, பெட்டி பூட்டத் தெரிவது வேறு. அது எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

மூன்று மாதம் ஓடியது. பிறகு படம் மேலிருந்து கீழே உருள ஆரம்பித்தது. பக்கத்தில் ஓங்கி ஒரு அடி அடித்தால் நிற்கும். எந்த இடத்தில் அடிக்க வேண்டும் என்பது என் மகனுக்குத்தான் தெரியும். பிறகு அடிக்கும் அசையவில்லை. ஒருநாள் படம் முழுக்கச் சுருங்கி நடுவில் ஒரு வெள்ளைக் கோடாக நின்றது. ராமரும் லட்சுமணரும் அந்தக் கோட்டுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சின்னசேலத்துக்காரரிடம் போனால், கடை இருந்த இடத்தில் டீத்தூள் விற்றுக்கொண்டிருந்தார்கள். கள்ளக்குறிச்சியில் ஒரு மெக்கானிக்கிடம் எடுத்துப்போனேன். நல்ல பையன். பெட்டியின் முதுகைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"அண்ணே, இதுக்குள்ள ஒரு சாமானும் இன்னொரு சாமானோட சொந்தம் இல்ல. ஊர் ஊரா போய்ப் பொறுக்கிக்கினு வந்து பூட்டியிருக்கான். நான் ஒண்ண சரி பண்ணுவேன், அது இன்னொண்ண இழுத்துக்கினு போவும்."

"இப்போ இன்னாப்பா பண்றது?"

"ரிப்பேர் பண்ணச் சொன்னா பண்றேன். நிக்கும்னு சொல்ல மாட்டேன். என்னைக் கேட்டா, வேற வாங்கிக்குங்க."

என் வீட்டுக்காரியும் அதைத்தான் சொன்னாள். தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கச் சொன்னாள். எனக்கோ மனம் ஒப்பவில்லை. மாற்றினால், அவள் பேச்சைக் கேட்காமல் நான் வாங்கியது தப்பு என்று ஊரறிய ஒப்புக்கொண்டதாகிவிடும். எதிர் வீட்டுக்காரர் ஏற்கெனவே, "இன்னாப்பா, ஒம் பொட்டியில கோடு மட்டும்தான் தெரியுதாமே, கணக்கு நோட்டா?" என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார். இதையெல்லாம் வாய்விட்டு வீட்டுக்காரியிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதற்குப் பதில், "எதுக்கு நாம சண்டை போடணும்? ஆத்தாகிட்டக் கேட்டுடலாம்" என்றேன்.

அவள் உடனே சரி என்றாள். அவளுக்கு ஆத்தாள் மேல் அவ்வளவு நம்பிக்கை.

எங்கள் பக்கத்தில் எதையும் முடிவு செய்ய முடியாமல் போனால் கோயிலில் பூ கேட்பது வழக்கம். வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று. தனித்தனியாக வாழை இலையில் மடித்து, நாரால் ஒரே மாதிரி கட்டி, அம்மன் காலடியில் போட்டுவிட்டு, சிறு பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். எந்தப் பூவுக்கு எந்தப் பதில் என்று முன்பே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் பேசி வைத்தோம். வெள்ளை என்றால் ரிப்பேர், சிவப்பு என்றால் மாற்றுவது.

வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை. வீட்டுக்காரி களை எடுக்கப் போயிருந்தாள். நான் சின்னவளைக் கூட்டிக்கொண்டு மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். விஷயத்தைக் கேட்ட பூசாரி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கெணறு வெட்டக் கேப்பாங்க. பொண்ணு குடுக்கக் கேப்பாங்க. டி.வி. பொட்டிக்கு இன்னிக்குத்தான் கேக்கறாங்க. ஆத்தாளுக்கு டி.வி. தெரியுமான்னு மொதல்ல கேக்கணும்."

கேலி பேசினாலும் பொட்டலம் இரண்டையும் சுத்தமாகக் கட்டிப் போட்டார். கற்பூரம் ஏற்றிவிட்டு, யாரோ கூப்பிட்டார்கள் என்று வெளியே போனார். நான் பிள்ளையிடம், "எடு கண்ணு" என்றேன். எடுத்தாள். பிரித்தேன்.

சிவப்பு.

அந்த நிமிஷம் எனக்கு வந்தது பக்தி இல்லை, எரிச்சல். சிவப்பைப் பார்த்ததும் எதிர் வீட்டுக்காரர் சிரிப்பதுதான் கண்ணில் தெரிந்தது. பிள்ளை இடது கையால் எடுத்திருந்தாள். அவளுக்கு எல்லாமே இடது கைதான், எனக்குத் தெரியும். "நொட்டாங் கையில எடுத்தா ஆவாது" என்று சொல்லிவிட்டு, பூசாரி வருவதற்குள் நானே திரும்பவும் மடித்துக் கட்டினேன். இரண்டாம் தரம் கேட்கக் கூடாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். கேட்டேன். அதுவும் எப்படி? எந்தப் பொட்டலத்தில் எது என்று தெரியாமலா கட்டினேன்? வெள்ளைப் பூ இருந்ததைப் பிள்ளை கைக்குக் கிட்டே வைத்தேன். வலது கையால் எடுத்தாள்.

வீட்டுக்கு வந்து, "ஆத்தா ரிப்பேர் பண்ணச் சொல்லிட்டா" என்றேன்.

என் வீட்டுக்காரியின் முகம் விழுந்தது. ஆனாலும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "அவ சொன்னா சரி" என்றாள்.

அன்றிலிருந்து நான் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. மெக்கானிக் ஒரு சாமானை மாற்றினான். பத்து நாள் தெரிந்தது. பிறகு படம் போய்ச் சத்தம் மட்டும் வந்தது. திரும்ப பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். சத்தம் போய்ப் படம் வந்தது. கண்டக்டருக்கே பெட்டி பழகிவிட்டது. "இன்னாங்க, கொழந்தைக்கு இன்னும் ஜுரம் வுடலையா?" என்று கேட்பார். பஸ்ஸே சிரிக்கும். நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கும்.

ஞாயிறு காலையில் எதிர் வீட்டில் டி.வி. சத்தம் கேட்டால் என் பிள்ளைகள் வாசலில் வந்து நிற்பார்கள். படி ஏற மாட்டார்கள். தெருவில் நின்றபடியே ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார்கள். அதை வீட்டுக்காரியால் பொறுக்க முடியவில்லை. ஞாயிறு விடிந்தால் துணி மூட்டையோடு பிள்ளைகளையும் வாய்க்காலுக்கு இழுத்துப் போவாள். அழுக்கில்லாத துணியைக்கூடத் துவைத்தாள். எதிர் வீட்டு அம்மாள் ஒருநாள் தெருவில், "புள்ளைங்கள அனுப்புடி, அன்னிக்கு ஏதோ வாய் தவறிப்போச்சு" என்றாள். என்னவள் நிற்காமல், "எங்க வூட்லயும் பொட்டி இருக்குதுக்கா" என்று சொல்லிக்கொண்டே போனாள். அந்த வார்த்தையைக் காப்பாற்ற வேண்டியவன் நான். பெட்டியோ மெக்கானிக் கடை பலகையில் முதுகு திறந்து கிடந்தது.

இதில் என்னை அதிகம் கலக்கியது வேறு ஒன்று. அவள் என்னோடு சண்டை போடவே இல்லை. பெட்டி ஒவ்வொரு முறை கெட்டபோதும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோயிலுக்குப் போவதைத்தான் நிறுத்தினாள். முதலில் ஒரு வெள்ளிக்கிழமை உடம்பு சரியில்லை என்றாள். அடுத்த வெள்ளி வேலை என்றாள். ஆடியில் கூழ் ஊற்ற வீடு வீடாகக் கேழ்வரகு வாங்க வந்தார்கள். எங்கள் வீட்டில் எப்போதும் முதல் மரக்கால் அவள் கையால்தான் போகும். அந்த வருஷம் உள்ளேயிருந்து எழுந்து வரவில்லை. நானே அளந்து போட்டேன்.

"ஏன், இன்னாச்சு உனுக்கு?" என்றேன்.

"அவளுக்கு எம் மேல எரக்கம் இல்ல. எனுக்கு அவ மேல எதுக்கு?"

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பெட்டி எப்படியாவது சரியாகி நின்றுவிட்டால் எல்லாம் தன்னால் அடங்கிவிடும் என்று இருந்தேன். நான் செய்ததை மறைக்க அந்தப் பெட்டி ஒழுங்காக ஓடியாக வேண்டும். அதற்காகக் கோமுகி அணைப் பிள்ளையாருக்குத் தேங்காய்கூட உடைத்தேன். ஆத்தாளிடம் செய்த தப்புக்குப் பிள்ளையாரிடம் சிபாரிசு.

புரட்டாசி பிறந்தபோது இட ஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. ஒரு வாரம் சாலையெல்லாம் மறியல். மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். பஸ் இல்லை, பால் வண்டி இல்லை. எங்கள் ஊரிலிருந்தும் ஆட்கள் போனார்கள். போனவர் திரும்பவில்லையே என்று எத்தனையோ வீட்டில் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் டி.வி.க்காகக் கவலைப்பட்டவன் நான் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் நடந்தது. பெட்டி கள்ளக்குறிச்சியில் இருந்தது. ஊர் இருக்கிற நிலையில் மெக்கானிக் கடை என்ன ஆகுமோ என்ற பயம். சனிக்கிழமை மத்தியானம் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மெக்கானிக் கடையைப் பூட்டிவிட்டுப் பின்னால் வீட்டில் இருந்தான். "இந்த நேரத்துல வந்தியாண்ணே?" என்று தலையில் அடித்துக்கொண்டு பெட்டியை எடுத்துக் கொடுத்தான். "ஓடுது. இப்போதைக்கு ஓடுது" என்றான். பழைய மெத்தைத் துணியில் சுற்றி, கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு திரும்பினேன். வழியில் ஒரு பெரிய புளியமரம் சாலைக்குக் குறுக்கே கிடந்தது. மேலே ஏழெட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

"நில்லு பெரிப்பா. மூட்டையில இன்னா?"

"டி.வி. பொட்டிப்பா."

"இன்னாது? நாங்க இங்க சோறு தண்ணி இல்லாம ரோட்ல கெடக்கறோம், உனுக்கு டி.வி. கேக்குதா?"

"புதுசு இல்ல சாமி. ரிப்பேருக்குக் குடுத்தது. நாலு மாசமா இத்தோட அலைஞ்சிக்கினு இருக்கேன். வூட்ல ஒரே இது..."

அவர்களில் மூத்தவன் சிரித்துவிட்டான். "உட்ரா, உட்ரா. அவருக்கு வூட்டுக்குள்ளயே மறியல் நடக்குது." பிறகு நாலு பேர் இறங்கிச் சைக்கிளைப் பெட்டியோடு தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள். "மெதுவாடா, உள்ள ஆளுங்க இருக்காங்க" என்றான் ஒருவன். நான் கும்பிட்டுவிட்டு மிதித்தேன்.

மறுநாள் ஞாயிறு. காலையில் பெட்டியைத் துடைத்து வைத்தேன். பிள்ளைகள் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். வீட்டுக்காரியும் துணி மூட்டையை ஓரம் வைத்துவிட்டு வந்து கதவோரம் நின்றாள். படம் வந்தது. துலக்கமாக வந்தது. மகன் கைதட்டினான். ஐந்து நிமிஷம் இருக்கும். படம் ஒரு துள்ளு துள்ளி, சுருங்கி, கோடாகி, கோடும் சுருங்கி நடுவில் ஒரு புள்ளியாக நின்று, அதுவும் அணைந்தது. கருகிய வாடை வந்தது.

பிள்ளைகள் எழுந்து வாசலுக்குப் போனார்கள். எதிர் வீட்டு டி.வி.யில் சங்கு ஊதும் சத்தம் கேட்டது.

வீட்டுக்காரி என் பக்கம் திரும்பவே இல்லை. சுவரில் இருந்த மாரியம்மன் படத்தைப் பார்த்துப் பேசினாள். "நீதான சொன்ன, ரிப்பேர் பண்ணுன்னு? வந்து பாரு. இப்பக் குளுந்துதா உனுக்கு? எம் புள்ளைங்க தெருவுல நிக்கறது நல்லாருக்குதா பாக்கறதுக்கு? உனுக்குப் புள்ள இருந்தாத்தான தெரியும்."

இதைக் கேட்டபடி என்னால் நிற்க முடியவில்லை.

"அவளத் திட்டாத" என்றேன். "அவ சொல்லல. நான்தான்..."

எல்லாவற்றையும் சொன்னேன். நொட்டாங்கையைச் சொன்னேன். நானே மடித்துக் கட்டியதைச் சொன்னேன். கைக்குக் கிட்டே வைத்ததையும் சொன்னேன். அவள் அடிப்பாள் என்றுகூட நினைத்தேன். அப்படியே சுவரோரம் உட்கார்ந்தாள்.

"மொத வாட்டி இன்னா பூ வந்துது?"

"செவப்பு."

"நல்லாப் பாத்தீங்களா?"

"செவப்புதான்."

"அப்போ அவ எம் பக்கந்தான் பேசியிருக்கா" என்றாள். சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். "பாவி மனுஷா. நாலு மாசமா வாய்க்கு வந்ததெல்லாம் அவளப் பேசிக்கினு இருக்கேன். கூழுக்குக்கூட நான் கை குடுக்கல. பொட்டி போனா போவுது. என்னை அவளுக்கே ஆவாதவளா பண்ணிட்டீங்களே."

எழுந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். ஈரப் புடவையோடு கற்பூரத்தை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள். நானும் வருகிறேன் என்று செருப்பைத் தேடினேன். "நீங்க வாணாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். திரும்பி வர வெகு நேரம் ஆனது. அங்கே என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. என்னோடு பேச இருபது நாள் ஆனது.

கரும்பு வெட்டி முடித்ததும், "செவப்பு வந்தா மாத்தணும்" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. பழையதை மெக்கானிக் சாமானுக்காக எடுத்துக்கொண்டான். கள்ளக்குறிச்சிக் கடையில் கம்பெனி பெட்டியாகப் பார்த்து, கேரண்டி சீட்டோடு வாங்கினோம். இரண்டு பேருமாகத்தான் போனோம். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். இருபத்தைந்தாவது நாள் அந்தப் பெட்டியில் படம் போனது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் பெட்டியைத் தெருவில் போட்டு உடைத்திருப்பேன். பிள்ளைகள் இருந்தார்கள். பஸ் ஏறிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

"இதையே ரிப்பேர் பண்ணிக் குடுத்துடட்டுங்களா? இல்ல, வேற பொட்டி மாத்திக் குடுக்கட்டுங்களா? மாத்தறதுன்னா கம்பெனியில இருந்து வரணும், ஒரு மாசம் ஆவும். எப்பிடிங்க?"

"வூட்ல கேட்டுக்கினு வந்து சொல்றேங்க."

"இதுக்கு இன்னாங்க வூட்ல கேக்கறது? நீங்க சொன்னா ஆச்சு."

"இல்லங்க, கேக்கணும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்காரி மாட்டுக்குக் கரும்புத் தோகையை நறுக்கிக்கொண்டிருந்தாள். கடைக்காரர் சொன்னதைச் சொன்னேன். எதைச் சொல்வாளோ என்று நின்றேன். அவள் தலை நிமிராமல் கேட்டாள்.

"உங்களுக்கு இன்னா தோணுது?"

உள்ளதைச் சொன்னேன். "எனுக்கு ரிப்பேர் பண்ணிக்கலாம்னுதான் தோணுது. புதுப் பொட்டி. ஒரு மாசம் வேற யாரு காத்துக்கினு இருக்கறது?"

"இத வைகாசியிலயே, பூ கேக்காம, வாயத் தொறந்து சொல்லியிருந்தா, உங்களோட மட்டும் சண்டை போட்டுட்டுப் போயிருப்பேன் இல்ல?" என்றாள்.